நிவாரணம்: பொருளாகவா, பணமாகவா?

 

 

ரமழான் நெருங்கும் நாட்களில் நேயர்கள் தவறாது எழுப்பும் வினா ஒன்று உண்டு. ஏழைக்கு உதவும்போது அரிசியும் மாவும் சீனியும் வாங்கிக் கொடுப்பதா, அல்லது அவற்றின் பெறுமதியைப் பணமாகவே கையில் கொடுத்துவிடுவதா? இவ்வினாவைக் கேட்பவர் பெரும்பாலும் கொடுக்கும் இடத்தில் இருப்பவர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய நமக்கோ இதனை மறுபக்கத்தில் நின்றும் கேட்கத் தெரியும். வாங்குவோர் வரிசையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நின்ற சமூகம் நாம்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி காலை, யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் வீதிகளில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஓடின. ஒஸ்மானியாக் கல்லூரியில் வந்து கூடுமாறு விடுதலைப் புலிகள் இயக்கம் கட்டளையிட்டது. கூடியவர்களிடம், இரண்டு மணி நேரத்திற்குள் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்று கூறப்பட்டது. அந்த ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தவர்கள் தம்முடன் கொண்டு செல்ல அனுமதிக்கப்பட்ட பணம் 150 ரூபா; அதனுடன் ஒரு மாற்றுடுப்பு. தையற்காரர் தம் இயந்திரத்தை விட்டுவிட்டு வந்தார். இரும்புக் கடைக்காரர் கடையையும் கடனையும் விட்டுவிட்டு வந்தார். நகைத் தொழிலாளி தம் சிறு தராசைக்கூட எடுத்து வரவில்லை.

புத்தளத்து மக்கள் தங்கள் உலையில் எங்களுக்கும் சேர்த்து அரிசி இட்டார்கள். அந்த நன்றி என்றும் மறக்கற்பாலதன்று. அதன் பின்னர் வந்தது நிவாரணம். ஓலைக் கொட்டில்கள் நிறைந்த முகாம்களில் ‘நிவாரணம்’ என்ற சொல் ஒரு பொருளின் பெயராகவே மாறிவிட்டது. நிவாரணம் வந்துவிட்டதா, நிவாரணம் எடுத்தாயிற்றா என்றுதான் பேச்சு. அட்டையைக் கொண்டு கூட்டுறவுச் சங்கக் கடையில் வரிசையில் நின்றால் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி கிடைக்கும். ஐந்து பேர் கொண்ட குடும்பமொன்றுக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதியான உலர் உணவு என்பது 1990களில் நிர்ணயிக்கப்பட்ட அளவு. ஆண்டுகள் பல கடந்தன; பாணின் விலை ஏறியது, மண்ணெண்ணெயின் விலை ஏறியது, பிறந்த பிள்ளைகள் பாடசாலைக்குப் போகத் தொடங்கினார்கள். 2000களிலும் அந்த 1,260 என்ற எண் மாத்திரம் அசையாமல் நின்றது.

இந்த அட்டையைச் சற்று உற்றுநோக்குங்கள். அதிலே ரூபாக் கணக்கு இருந்தது; ஆனால் ரூபா இல்லை. குறித்த கடைக்கு மட்டுமே போகலாம். குறித்த பொருளை மட்டுமே எடுக்கலாம். உலகத் தொண்டு நிறுவனங்கள் பிற்காலத்தில் ‘வவுச்சர்’ என்று பெயரிட்டுப் பெரிதாகப் பேசிய முறைக்கு மிக நெருங்கிய உறவுடையது நம் பழைய நிவாரண அட்டை. நம் பெற்றோருக்கு இதற்கும் முந்திய பழக்கம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்நாட்டில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன் அரிசி என்று முதியோர் இன்றும் சொல்வது அதனைத்தான். 1979இல் அது உணவு முத்திரையாக மாற்றப்பட்டது. இளையோருக்கு இன்னும் அண்மைய உதாரணம் வேண்டுமாயின், 2015ஆம் ஆண்டின் இறுதியில் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணிக்குப் பதிலாக வழங்கப்பட்ட வவுச்சரை நினைவுகூரலாம். துணியைக் கொடுத்தால் அது பொருள். அந்தத் துணியை நீங்களே கடையில் தெரிந்து வாங்குவதற்குச் சீட்டுக் கொடுத்தால் அது வவுச்சர். எதுவும் சொல்லாமல் காசைக் கொடுத்தால் அது பணம். பொருளிலிருந்து பணத்தை நோக்கி நகர நகர, தீர்மானிக்கும் உரிமை கொடுப்பவரின் கையிலிருந்து வாங்குபவரின் கைக்கு மாறுகின்றது. விவாதம் முழுவதும் இந்த உரிமையைப் பற்றியதுதான்.

பசியென்றால் உணவில்லாமை, ஆகவே உணவைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1981இல் வெளிவந்த நூலொன்றில் பொருளியலறிஞர் அமர்த்தியா சென் இவ்வெண்ணத்தை மறுத்தார். 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தது நாட்டில் அரிசி அறவே இல்லாததனால் அன்று. அதனை வாங்கும் வலுவை அம்மக்கள் இழந்ததனால் என்று அவர் எடுத்துக்காட்டினார். கடையில் அரிசி இருக்கின்றது, கையில் காசில்லை என்ற நிலையில் கப்பலேற்றி அரிசி கொண்டுவருவதைவிட காசைக் கொடுப்பதே விரைவு, சிக்கனமும்கூட. களஞ்சிய வாடகை இல்லை, லொறிக் கூலி இல்லை, மூடை கிழிந்து சிந்துவதில்லை, வண்டு மொய்ப்பதில்லை. உள்ளூர்க் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கின்றது. 2016இல் இஸ்தான்புல் நகரில் நடைபெற்ற உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில், பணமாக வழங்கும் உதவியைப் பெருக்குவதாக நன்கொடை நாடுகளும் நிறுவனங்களும் உடன்பட்டன.

புத்தளத்து முகாம்களில் வாழ்ந்தோருக்கு இது புதுப் பாடமன்று. நிவாரண மாவில் ஒரு பகுதியைக் குறைந்த விலைக்கு விற்று மீனும் மருந்தும் கொப்பியும் வாங்கிய வீடுகள் எத்தனை! வெளியார் சிலர் இதனைக் கண்டு, பசியில்லாதவர்கள் போலும், நிவாரணத்தை விற்கிறார்கள் என்று இழிவாகப் பேசியதுண்டு. கணக்குத் தெரியாத பேச்சு அது. நோயுற்ற பிள்ளைக்கு மருந்தை மாவாகக் கொடுத்து வாங்க முடியாது. பொருளைக் காசாக்கும்போது அந்தத் தாய் இழந்த வித்தியாசம், கொடுத்தவர்கள் அவளிடம் கேளாமற் கொடுத்ததற்கு அவள் செலுத்திய விலை.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். அனஸ் (ரழி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சியை நீங்கள் பல தடவைகள் செவிமடுத்திருப்பீர்கள். அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு இருப்பினும், ஸகாத் பற்றி எழுதியோர் பலரும் எடுத்தாளும் சம்பவம் அது. யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். பாதியை உடுத்துப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு போர்வையும், நீர் அருந்தும் ஒரு பாத்திரமும் இருப்பதாக அவர் கூறினார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, சபையிலே ஏலங்கூறி, இரண்டு திர்ஹங்களுக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்திற்குக் குடும்பத்திற்கு உணவும், மற்றைய திர்ஹத்திற்கு ஒரு கோடரியும் வாங்கி வருமாறு பணித்தார்கள். கோடரிக்குப் பிடியைத் தம் திருக்கரத்தாலேயே பொருத்தி, விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாட்கள் தம்மிடம் வரவேண்டாம் என்றும் கூறி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்துத் திர்ஹங்கள் உழைத்திருந்தார்.

இச்சம்பவத்தை உழைப்பின் சிறப்புக்கு உதாரணமாகவே மிம்பர்களில் கூறுவது வழக்கம். அது சரியே. ஆயினும் இங்கே வேறொன்றையும் கவனியுங்கள். முதல் திர்ஹம் அன்றைய பசிக்கு. இரண்டாவது நாளைய தொழிலுக்கு. நம் நிவாரண அட்டையில் அந்த இரண்டாவது திர்ஹத்துக்கு இடமே இருக்கவில்லை. இருபது ஆண்டுகள் பருப்பும் மாவும் வாங்கினாலும் அட்டையிலிருந்து ஒரு கோடரி பிறக்காது. சோனகத் தெருவில் இயந்திரத்தை விட்டு வந்த தையற்காரருக்கு 1991இல் ஒரு தையல் இயந்திரம் வாங்கும் பணம் கிடைத்திருந்தால், 1992இல் அவருக்கு நிவாரணமே தேவைப்பட்டிராது என்று சொல்லத் தோன்றுகின்றது.

இது இன்றைய சிந்தனை மட்டுமன்று. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரைக் கூறும் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில், ஏழைகள் என்ற சொல்லுக்கு முன்னால் வரும் ‘லாம்’ என்ற எழுத்து உடைமையைக் குறிப்பது என்று அறிஞர்கள் விளக்குவர். அதாவது ஸகாத் ஏழைக்குச் சொந்தமாக்கப்பட வேண்டும். இதற்குத் ‘தம்லீக்’ என்று பெயர். ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் இதனை வலியுறுத்துவதோடு, எவ்வளவு கொடுப்பது என்பதையும் தொழிலுக்கேற்பக் கணக்கிடுகின்றன. கீரை விற்பவருக்கு ஐந்து திர்ஹம் முதலீடு போதும். பழ வியாபாரிக்கு இருபது. ரொட்டி சுடுபவருக்கு ஐம்பது. அத்தர் வியாபாரிக்கு ஆயிரம். இரத்தின வியாபாரிக்குப் பத்தாயிரம் என்று அக்கால விலைவாசியை வைத்து உதாரணம் காட்டியுள்ளார்கள். தொழிலாளிக்கு அவர் தொழிற்கருவி, வியாபாரிக்கு அவர் முதல். இரத்தின வியாபாரிக்கும் ஸகாத்தா என்று வியக்க வேண்டாம். ஒரே நாளில் அனைத்தையும் இழந்த நகைக் கடைக்காரர்களை நாம் கண்ணாற் கண்டிருக்கிறோம்.

அப்படியானால் எப்போதும் பணந்தான் சிறந்ததா? இல்லை. இவ்விடத்தில் நம் குடாநாடே சாட்சி. 2006 ஓகஸ்ட் மாதம் ஏ9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் பணத்துக்குப் பஞ்சமிருக்கவில்லை. பலருடைய பிள்ளைகள் வெளிநாடுகளிலிருந்து அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். பணத்துக்குப் பொருள் இல்லை. கப்பலில் வரும் உணவே உணவு. விலைகள் வானளாவ ஏறின. அவ்வேளையில் வங்கிக் கணக்கில் மேலும் பணத்தைக் கொட்டியிருந்தால் அரிசி ஒரு கொத்தும் கூடியிராது. விலை மட்டுமே கூடியிருக்கும். கூட்டுறவுச் சங்கக் கடைகளில் குடும்ப அட்டைக்கு அளந்து கொடுத்த பொருளே அன்று வீடுகளில் அடுப்பெரியச் செய்தது. சந்தை இயங்கும் இடத்தில் பணம். சந்தை முறிந்த இடத்தில் பொருள். இதற்கு மேல் இவ்விடயத்தில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை.

உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் இரண்டையும் காண்கிறோம். திவான் என்னும் பதிவேட்டின்படி ஆண்டுதோறும் பணமாகக் கொடை வழங்கினார்கள். அதனோடு தானியமும் அளந்து கொடுத்தார்கள். ஹிஜ்ரி 18இல் ‘ரமாதா’ எனப்படும் கொடும் பஞ்சம் ஹிஜாஸை வாட்டியபோது, மதீனாவின் சந்தையில் வாங்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அப்போது அவர்கள் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி உணவையே தருவித்தார்கள். எகிப்திலிருந்து அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள் தானியம் அனுப்பினார்கள். பின்னர் எகிப்தின் தானியம் கடல் வழியாக அல்ஜார் என்ற துறைமுகத்தில் வந்து இறங்கலாயிற்று.

அந்த அல்ஜார் துறைமுகம் நம் தலைப்புக்கு இன்னொரு வகையிலும் வேண்டியது. மர்வான் இப்னுல் ஹகம் மதீனாவின் ஆளுநராக இருந்த காலத்தில், அங்கு வரும் தானியத்தைப் பெற்றுக்கொள்வதற்கான சீட்டுகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. ‘ஸக்’ என்பது அச்சீட்டின் பெயர். ஆம், வவுச்சரேதான். மக்களோ தானியத்தைப் பெறுமுன்னரே சீட்டை ஒருவருக்கொருவர் விற்கவும் வாங்கவும் தொடங்கினார்கள். ஸைத் இப்னு தாபித் (ரழி) அவர்களும் இன்னொரு தோழரும் மர்வானிடம் சென்று, வட்டியை ஆகுமாக்கிவிட்டீரா என்ற பொருளில் கண்டித்தார்கள் என்று இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. மர்வான் காவலர்களை அனுப்பிச் சீட்டுகளை மீளப் பெறச் செய்தார். கைக்கு வராத உணவுப் பொருளை விற்பது கூடாதென்பது அங்கே எழுந்த சட்டப் பிரச்சினை.

இன்றைய வவுச்சரிலும் இதே ஓட்டை இருக்கின்றது. ஆயிரம் ரூபாச் சீட்டைக் கொண்டுவரும் ஏழைக்குப் பணந்தான் அவசரத் தேவை என்றால், எண்ணூறு ரூபாவைக் கையில் வைத்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொள்ளும் கடைக்காரர் எந்த ஊரிலும் இருப்பார். இருநூறு ரூபா ஏழையிடமிருந்து போகின்றது. சீட்டை மாற்றுவதற்கு ஒரேயொரு கடைதான் என்றால் அவர் வைத்ததே விலை, நிறுத்ததே நிறை. ஆகவே வவுச்சர் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், பல கடைகளில் செல்லுபடியாகும் வகையில் கொடுப்பதும், கடை விலையை அடிக்கடி சோதிப்பதும் குறைந்தபட்சக் கடமை. உணவுக்கென்றே குறித்துத் தரப்பட்ட நன்கொடையைப் பகிர்வதற்கும், சந்தை தடுமாறும் காலத்தில் குறித்த பொருள் கிடைப்பதை உறுதி செய்வதற்கும் வவுச்சர் பயன்படும். ஏழையின் மீதுள்ள சந்தேகத்தை மறைக்கும் திரையாக அது பயன்படக் கூடாது.

சந்தேகம் என்று சொன்னேன். பணத்தைக் கொடுத்தால் ஆண்கள் அதனைச் சிகரெட்டிலும் வேறு வழிகளிலும் அழித்துவிடுவார்கள் என்பது எல்லாக் குழுக் கூட்டங்களிலும் எழும் ஆட்சேபணை. சொல்பவரின் அனுபவத்தில் அப்படி ஒருவர் இருந்திருக்கலாம். ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கியின் ஆய்வாளர்கள், பண உதவியினால் மதுவுக்கும் புகையிலைக்குமான செலவு கூடியதற்குச் சான்றில்லை என்று 2014இல் வெளியிட்டார்கள். நம் நாட்டிலும் ஒரு பரிசோதனை நடந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய பின்னர், வடமராட்சிக் கிழக்கு உட்படப் பாதிக்கப்பட்ட கரையோரக் குடும்பங்களுக்கு அரசு மாதம் 5,000 ரூபாவும், ஆளுக்கு வாரம் 375 ரூபா வீதம் பணமும் பொருளுமாகக் கலந்தும் வழங்கியது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் உலக உணவுத் திட்டம், கிழக்கிலும் தெற்கிலும் சில இடங்களில் உணவுப் பொருளுக்குப் பதிலாகப் பணத்தையே கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. பணம் பெற்ற குடும்பங்கள் அரிசியும் மாவும் சிறிது குறைவாகவும், இறைச்சி, பால் முதலியவற்றைச் சற்றுக் கூடுதலாகவும் வாங்கின. பிள்ளைக்குப் பால்மா வாங்கியதை அழிவு என்று சொல்வோமா? சிகரெட் பிடிக்க நினைப்பவர் நிவாரண மாவை விற்றும் பிடிப்பார் என்பது வேறு விடயம்.

பணத்திற்கு உண்மையான நோய் ஒன்று உண்டு, அது விலையேற்றம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. ஓராண்டுக்கு முன் நிர்ணயித்த உதவித்தொகை அந்த மாதத்தில் ஏறத்தாழப் பாதி உணவையே வாங்கித் தந்திருக்கும். 1,260 ரூபா அட்டை மெதுவாகத் தேய்ந்ததை இருபதாண்டுகளில் கண்ட நாம், பணம் ஓராண்டிலேயே தேய்ந்ததையும் கண்டோம். தொகையைக் குறிப்பவர்கள் ஒவ்வொரு காலாண்டிலும் சந்தைக்குப் போய் விலை கேட்டு வர வேண்டும். ஸகாத் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். 2020இல் ஒரு விதவைக் குடும்பத்துக்கு நிர்ணயித்த மாதத் தொகை இன்றும் அப்படியே இருக்குமாயின், அதனைக் கொடுப்பவர்கள் அறியாமலேயே குறைத்து வருகிறார்கள்.

மீள்குடியேற்றக் காலத்துக் கதை இன்னும் சிக்கலானது. போர் முடிந்தபின் வடக்கில் பெருமளவில் பணம் நேரடியாக மக்களின் கணக்குக்கு வந்தது. 2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெரும் பகுதியில், வீடொன்றுக்கு 5,50,000 ரூபா, கட்டட வேலை முன்னேற முன்னேறத் தவணை முறையில் பயனாளியின் வங்கிக் கணக்கில் இடப்பட்டது. மேசனைத் தெரிவதும் சீமெந்து வாங்குவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் கட்டி ஒப்படைத்த வீட்டைவிடத் தாமே நின்று கட்டிய வீட்டில் மக்களுக்குப் பிடிப்பு அதிகம் என்பதை எவரும் போய்ப் பார்க்கலாம். தொகை போதாமல் கடன்பட்டவர்களும் உண்டு. நின்று வேலை வாங்க ஆணில்லாத வீடுகளில் பெண்கள் பட்ட பாடும் உண்டு. தெரிவு செய்யும் உரிமையோடு சுமையும் சேர்ந்தே வருகின்றது என்பதைப் பண உதவியைப் புகழ்வோர் சில வேளைகளில் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இடர் வேறிடத்தில் இருந்தது. பணமோ பொருளோ, இரண்டும் பட்டியலின் வழியே வருகின்றன. வீட்டு உதவிக்குக் காணி உறுதி வேண்டும், இங்கே நிரந்தரமாக வசிக்க வேண்டும், பதிவு வேண்டும். 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் 2010இல் மூன்று நான்கு குடும்பங்களாகத் திரும்பினார்கள். சோனகத் தெருவின் சிறு வளவு ஒன்றுதான். வாடகை வீட்டிலிருந்து போனவருக்கு அதுவுமில்லை. பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில், பாழடைந்த வீடு யாழ்ப்பாணத்தில் என்று இரு காலையும் இரு ஊரில் ஊன்றி நின்றவர், எங்கே பதிந்தாலும் மற்ற ஊரில் பெயர் வெட்டப்பட்டது. அண்மையில் இடம்பெயர்ந்தோர், முன்னரே இடம்பெயர்ந்தோர் என்ற அதிகாரிகளின் பகுப்பில், இருபதாண்டுகள் வெளியில் இருந்தவர்கள் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள். பட்டியலில் பெயரில்லாதவருக்குப் பணம் சிறந்ததா, பொருள் சிறந்ததா என்ற ஆராய்ச்சியால் ஆவது யாதொன்றுமில்லை. எங்கள் பள்ளிவாசல் நிருவாகங்கள் ஸகாத் பட்டியல் தயாரிக்கும்போது இதே தவற்றைச் செய்யாதிருக்க வேண்டும். கூலி வீடுகளில் மாறி மாறிக் குடியிருப்போரும், நிரந்தர விலாசம் இல்லாதோரும்தான் நம் பட்டியலிலிருந்தும் முதலில் விடுபடுகிறார்கள்.

உறுதியான அலுவலகங்கள் இல்லாத இடத்திலும் பணத்தைக் கொண்டு சேர்க்கலாம் என்பதற்குச் சோமாலியா உதாரணம். 2011ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், வங்கிகள் இயங்காத ஊர்களுக்கு, அங்குள்ள ஹவாலா வியாபாரிகள் வழியாகவே தொண்டு நிறுவனங்கள் பணம் அனுப்பின. நம்பிக்கையை மூலதனமாகக் கொண்ட பழைய முஸ்லிம் வணிக முறையொன்று பசித்தோருக்கு உணவாயிற்று. நமக்கோ இன்று ஒவ்வொரு சந்தியிலும் வங்கி இருக்கின்றது. 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக வந்த அஸ்வெசும உதவியும் வங்கிக் கணக்குக்கே வருகின்றது. இருந்தும், ஸகாத் பெறுபவரைப் பள்ளிவாசல் முற்றத்தில் நாள் முழுக்க நிறுத்திவைத்துப் படம் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் ஒழியவில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனத்தை நோகச் செய்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று அல்குர்ஆன் எச்சரிப்பது இதற்கு அப்பாற்பட்டதா? கணக்கிலிடும் பணத்துக்கு வரிசை இல்லை; அயலவர் அறிய வேண்டியதுமில்லை.

இறுதியாக, நேயர்களின் பித்ராக் கேள்வி. இங்கே ஸகாத்தையும் ஸகாதுல் பித்ரையும் பிரித்து நோக்க வேண்டும். வியாபாரத்திலும் சேமிப்பிலும் கடமையான ஸகாத்தைப் பணமாகவே உரியவருக்குச் சொந்தமாக்குவது நம் மத்ஹபுக்கு முற்றிலும் இசைந்தது. குழுவினர் தாமாகவே அதனை அரிசியாகவும் சேலையாகவும் மாற்றிக் கொடுப்பதுதான் ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டிய விடயம். பித்ரா அப்படியன்று. நாட்டின் பிரதான உணவிலிருந்து ஒரு ஸாஉ, அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. பெறுமதியைப் பணமாகக் கொடுக்கலாம் என்பது ஹனபி மத்ஹபின் கருத்து. யெமன் தேசத்தில் முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்கள் தானியத்துக்குப் பதிலாகத் துணியைப் பெற்றுக்கொண்டதையும், கொடுப்போருக்கு அது எளிதென்றும் மதீனாவில் உள்ளோருக்கு அது பயனென்றும் அவர்கள் காரணம் கூறியதையும் இக்கருத்தினர் எடுத்துக்காட்டுவர். இதில் பூசலிடுவதற்கு ஒன்றுமில்லை. பெருநாளன்று எவரும் பசித்திருக்கலாகாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

நம் ஊரில் அரிசியாகவே கொடுத்து வருகிறோம். அது அவ்வாறே தொடரலாம். ஆனால் பெருநாள் இரவில் நடப்பதைச் சற்றுக் கவனியுங்கள். அறிமுகமான ஏழைக் குடும்பத்தின் வாசலில் இருபது பைகள் சேர்ந்துவிடுகின்றன. பின் ஒழுங்கையில் புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. இருபது பை பெற்றவர் மறுநாள் அவற்றைக் கடைக்காரரிடம் குறைந்த விலைக்கு விற்கிறார். பெற்ற பின் அது அவர் சொத்து. விற்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. பிழை நம்முடையது. மஹல்லாவுக்கு ஒரே பட்டியல் இருக்குமாயின் அரிசி பரவலாகப் போய்ச் சேரும். அரிசிப் பையோடு, கடமையான பித்ராவுக்கு மேலதிகமாக, ஸதகாப் பணம் சிறிதையும் ஓர் உறையில் இட்டுக் கொடுத்துப் பாருங்கள். இறைச்சிக்கும் பிள்ளையின் பெருநாள் உடுப்புக்கும் அந்த வீட்டார் அரிசியைத் தூக்கிக்கொண்டு கடைவாசலுக்குப் போக வேண்டி வராது.